பழைய டகோமாவில் ஓவர்லேண்டிங்: எந்த வேலையை முதலில் செய்வது

உணவு, தண்ணீர், படுக்கை அனைத்தையும் வண்டியிலேயே சுமந்துகொண்டு, தார்ச்சாலையை விட்டு இறங்கி, பெட்ரோல் பங்க்கும் செல்பேசிச் சமிக்ஞையும் இல்லாத மண்பாதைகளில் இரண்டு மூன்று நாட்கள் பயணம் செய்யும் ஓவர்லேண்டிங்கை விரும்புகிறவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். அமெரிக்காவின் மேற்குப் பகுதியை, குறிப்பாகக் கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தையும், 1995 முதல் 2004 வரை விற்பனையான முதல் தலைமுறை டொயோட்டா டகோமாவையும் எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கிறேன். நிஸ்ஸான் ஃபிரன்டியர், ஃபோர்டு ரேஞ்சர் போன்ற அதே காலத்து டிரக் வைத்திருப்பவர்களுக்குப் பாகங்களின் விவரம் மாறுமே தவிர, வேலைகளின் வரிசை மாறாது.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த வரிசையில்தான். வண்டி வாங்கிய வாரமே கூரைக்கூடாரத்துக்கும் விளக்குப் பட்டைக்கும் பணம் கட்டிவிடுகிறார்கள். இருபது வருடப் பழமையான ரேடியேட்டரும், முன்சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டும் அப்படியே இருக்கின்றன. ஆகவே கீழே உள்ள பகுதிகளை எண் வரிசையிலேயே செய்யுங்கள்.

1. தொடங்கும் முன் தேவையானவை

கையில் உள்ள மொத்தப் பணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை வண்டி வாங்கிய பிறகு செய்ய வேண்டிய பழுதுபார்ப்புக்கென்று தனியே எடுத்து வையுங்கள். இந்த வயதுடைய வண்டியில் உடனே மாற்ற வேண்டிய பாகம் எதுவுமில்லை என்று எந்த விற்பனையாளர் சொன்னாலும் அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

அந்த வருட மாடலுக்கான பழுதுபார்ப்புக் கையேடு, மில்லிமீட்டர் அளவு சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச், உறுதியான ஜாக்கி, இரண்டு ஜாக் ஸ்டாண்டு ஆகியவை வேண்டும். எல்லா வேலையையும் நீங்களே செய்ய வேண்டியதில்லை. ஆனால் சக்கரத்தைக் கழற்றி மாட்டவும், பெல்ட் மாற்றவும், எண்ணெய் அளவுகளைப் பார்க்கவும் தெரியாமல் மண்பாதைக்குப் போகக் கூடாது, ஏனெனில் அங்கே மெக்கானிக் வருவதற்கு ஒரு நாள் ஆகலாம், வராமலும் போகலாம்.

2. எந்த டகோமா என்று தெரிந்து வாங்குதல்

முதலில் கவனிக்க வேண்டியது பிரீரன்னர் என்ற வகை. 1998இலிருந்து வந்த இந்த வகை, நான்கு சக்கர இயக்கமுள்ள டகோமாவைப் போலவே உயரமாக நிற்கும். ஆனால் பின்சக்கர இயக்கம் மட்டுமே உண்டு. விளம்பரப் படத்தைப் பார்த்து இதை 4x4 என்று எண்ணி முன்பணம் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கியர் லீவருக்குப் பக்கத்தில், முன்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கான இரண்டாவது லீவர் இருக்கிறதா என்று உள்ளே பாருங்கள். பிறகு வண்டிக்கு அடியில் குனிந்து, முன் அச்சுக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாறையில்லாத எளிய பாதைகளுக்குப் பிரீரன்னரும் போதும், ஆனால் அது என்னவென்று தெரிந்து அதற்குரிய விலையில் வாங்க வேண்டும்.

எஞ்சின் இரண்டில் எதுவானாலும் நல்லதே. 3.4 லிட்டர் வி-6 எஞ்சினில் டைமிங் பெல்ட் உண்டு. அதை 90,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 2.7 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சினில் பெல்ட்டுக்குப் பதில் செயின் இருப்பதால் அந்தச் செலவு இல்லை, ஆனால் சுமையோடு மலையேறும்போது இழுவை குறைவாக இருக்கும். இரண்டு பேர், குறைந்த சாமான் என்றால் நான்கு சிலிண்டர் வண்டியைத் தாராளமாக வாங்கலாம்.

கலிஃபோர்னியாவில் பதிவு மாற்றும்போது புகைப்பரிசோதனைச் சான்றிதழைப் பெற்றுத் தர வேண்டியவர் விற்பவர். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் வாங்காதீர்கள். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் இந்த மாநிலத்தில் அனுமதிக்கப்பட்ட வகை விலை உயர்ந்தது. அது கெட்டுப்போயிருந்தால் சுமை உங்கள் தலையில் விழும்.

3. ஃபிரேமில் துரு இருக்கிறதா என்று பார்த்தல்

இந்த ஒரு சோதனையில் தோற்கும் வண்டியை, எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிட வேண்டும். முதல் தலைமுறை டகோமாவின் ஃபிரேம், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டகம், உள்ளிருந்து துருப்பிடிக்கும் என்பது ஊரறிந்த செய்தி. டொயோட்டா நிறுவனமே 2008இல் தொடங்கி 1995 முதல் 2000 வரையிலான வண்டிகளில் மோசமாக அரித்தவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டது. 2001 முதல் 2004 வரையிலான வண்டிகள் பலவற்றுக்கு ஃபிரேமை மாற்றிக் கொடுத்தது. அந்தத் திட்டங்களின் காலம் முடிந்துவிட்டதால் இன்று வாங்குபவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே ஃபிரேம் மாற்றப்பட்ட வண்டியா என்று விற்பவரைக் கேட்டு, ரசீதையும் கேளுங்கள்.

சோதிக்கும் முறை எளிது. ஒரு சிறு சுத்தியல், டார்ச், பழைய ஸ்க்ரூடிரைவர் ஆகியவற்றோடு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, முன்சக்கரத்துக்குப் பின்னாலிருந்து பின்பக்க லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் கொக்கி வரை, ஃபிரேமை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு பொத்தென்று அமுங்கிய ஓசை தரும். உள்ளே உதிர்ந்து கிடக்கும் துருச்செதில்கள் சலசலக்கும். தண்ணீர் வடிவதற்காக விடப்பட்ட துளைகளில் ஸ்க்ரூடிரைவரை விட்டுக் கிளறுங்கள். தட்டைத் தட்டையாகப் படலம் உரிந்து வந்தால் துரு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று பொருள். லீஃப் ஸ்பிரிங் கொக்கியைச் சுற்றியுள்ள இடத்தில் கூடுதல் நேரம் செலவிடுங்கள், ஏனெனில் சேறும் உப்பும் தங்குவது அங்கேதான், சுமையின் அழுத்தம் விழுவதும் அங்கேதான்.

அடிப்பாகம் முழுவதும் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் வடகிழக்கு மாநிலங்களிலும் பேரேரிகளை ஒட்டிய மாநிலங்களிலும் ஓடிய வண்டி மேற்கே வந்து விற்கப்படுவது உண்டு. பதிவு வரலாற்றை எடுத்துப் பார்த்தால் வண்டி எங்கே இருந்தது என்பது தெரிந்துவிடும்.

4. அடிப்படைப் பராமரிப்பு: சாமான் வாங்கும் முன் முடிக்க வேண்டியது

வண்டி வீட்டுக்கு வந்ததும், முந்தைய உரிமையாளர் எதையும் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ரசீது இருந்தால் மட்டும் அந்த வேலையை விலக்கலாம்.

முதலிடம் முன்பக்கக் கீழ் பால் ஜாயின்ட்டுக்கு. பல வண்டிகளில் வண்டியின் எடை பால் ஜாயின்ட்டை அழுத்தும். இந்த டகோமாவில் அது ஜாயின்ட்டை இழுத்துப் பிரிக்கும் விதத்தில் விழுகிறது. எனவே தேய்ந்த ஜாயின்ட் கடைசியில் கழன்றே விடும், முன்சக்கரம் மடிந்து விழும், வண்டி நின்ற இடத்திலேயே சாயும். இதை விட்டுவைக்கக் கூடாது. புதியது வாங்கும்போது விலை குறைந்த மாற்றுத் தயாரிப்பைத் தவிர்த்து, டொயோட்டாவின் அசல் பாகத்தையே வாங்குங்கள். அதை இறுக்கும் நான்கு போல்ட்டுகளையும் புதிதாக மாற்றுங்கள். நான் எந்தப் பாகத்துக்கும் இவ்வளவு அழுத்திச் சொல்வதில்லை.

இரண்டாவது, ஆட்டோமேட்டிக் கியர் உள்ள வண்டியின் ரேடியேட்டர். கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் உள்ளேயே இருக்கிறது. பழைய ரேடியேட்டரில் அந்தக் குழாய் விரிசல் விட்டால் கூலன்ட்டும் கியர் எண்ணெயும் ஒன்றோடொன்று கலந்து இளஞ்சிவப்புக் கூழாகிவிடும். சிறிது தூரம் ஓடினாலே கியர்பாக்ஸ் வீணாகும். கூலன்ட் மூடியைத் திறந்து பார்க்கும்போது இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் வண்டியை எடுக்கவே கூடாது. அசல் ரேடியேட்டர் இன்னும் இருக்கிறது என்றால் காத்திராமல் மாற்றிவிடுங்கள். புது ரேடியேட்டரின் விலை கியர்பாக்ஸ் விலையில் மிகச் சிறிய பங்கு.

வி-6 எஞ்சினாக இருந்தால் டைமிங் பெல்ட்டை மாற்றும்போது வாட்டர் பம்ப்பையும் சேர்த்து மாற்றுங்கள். பம்ப்பைச் சுற்றுவது அந்த பெல்ட்டே; பிரித்த கூலி ஒன்றுதான். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வுகள் பிஸ்டனில் மோதுவதில்லை. ஆனால் பாலைவனத்தின் நடுவே எஞ்சின் நின்றுபோனால், உள்ளே எதுவும் உடையவில்லை என்பதால் மட்டும் வீடு வந்து சேர்ந்துவிட முடியாது.

அடுத்து எல்லா எண்ணெய்களும்: எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் பின் டிஃபரன்ஷியல். டிஃபரன்ஷியலில் வடிகால் போல்ட்டைக் கழற்றும் முன், மேலே உள்ள நிரப்பு போல்ட் கழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எண்ணெயை வடித்த பிறகு நிரப்பு போல்ட் துருவில் இறுகிக் கிடப்பதைக் கண்டுபிடித்தால் வண்டி அசையாது. டிரைவ் ஷாஃப்ட்டின் கிரீஸ் நிப்பிள்கள், முன் அச்சின் ரப்பர் பூட்டுகள், பிரேக் எண்ணெய், ரேடியேட்டர் ஹோஸ்கள், பேட்டரியின் வயது ஆகியவற்றையும் அதே வாரத்தில் பார்த்துவிடலாம்.

இவை முடிந்ததும் ஒரு மாதம் அன்றாட வேலைக்கு வண்டியை ஓட்டுங்கள். புதிதாக மாட்டிய பாகத்தில் கசிவோ தளர்வோ இருந்தால் அது வீட்டருகே தெரிவதே நல்லது.

5. டயரும் காற்றும்

டயரில் எவ்வளவு பட்டன் மிச்சமிருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது, வயதையும் பார்க்க வேண்டும். பக்கச்சுவரில் ‘டாட்’ (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பட்டன் புதிதுபோல் இருந்தாலும் பத்து வருடமான ரப்பர் வெயிலில் வெடிக்கும். ஸ்டெப்னியின் வயதை யாரும் பார்ப்பதில்லை. நான் பார்த்த பழைய டிரக்குகள் சிலவற்றில் ஸ்டெப்னி வண்டி வாங்கிய நாளிலிருந்து கீழே இறக்கப்படாமலே இருந்தது; அதை இறக்கும் சங்கிலிக் கப்பியும் துருவில் இறுகியிருந்தது. வீட்டு வாசலிலேயே ஒருமுறை ஸ்டெப்னியை இறக்கி, கப்பிக்கு எண்ணெயிட்டு, காற்று பிடித்து மாட்டுங்கள்.

கற்கள் நிறைந்த பாதைக்குப் பயணிகள் கார் டயர் ஆகாது. ‘எல்.டி.’ (LT) என்று தொடங்கும் அளவுள்ள ஆல்-டெரெய்ன் டயரை வாங்குங்கள். அதன் பக்கச்சுவர் தடிப்பானது. அளவைப் பெரிதாக்க வேண்டாம். பல டகோமாக்கள் தொழிற்சாலையிலிருந்தே 265/70ஆர்16 அல்லது 31 அங்குல டயரோடு வந்தன. மொஹாவியின் பெரும்பாலான பாதைகளுக்கு அது போதும். அதைவிடப் பெரிய டயர் போட்டால் பிரேக்கும் இழுவையும் குறையும், பாடி உரசும், ஸ்டெப்னி தன் இடத்தில் அடங்காது.

மண்பாதையில் இறங்கியதும் காற்றைக் குறைப்பதுதான் புதியவர்கள் மிகவும் தயங்கும் செயல்; பலன் மிக அதிகமாகத் தெரிவதும் அதில்தான். சாலையில் 35 பி.எஸ்.ஐ. வைத்திருந்தால், கெட்டியான மண்பாதையில் 22 முதல் 25 வரையும், ஆழமான மணலில் 15 முதல் 18 வரையும் இறக்கலாம். காற்று குறைந்த டயர் நீளவாக்கில் படர்ந்து வண்டியின் எடையைக் கூடுதல் பரப்பில் இறக்குவதால் மணலில் புதைவதில்லை. கூர்மையான கல்லை எதிர்த்து நிற்காமல் வளைந்து கொடுப்பதால் கிழிவதும் குறைகிறது. அலையலையாய்ப் பள்ளம் விழுந்த வாஷ்போர்டு பாதையில் ஷாக் அப்சார்பரின் வேலையில் ஒரு பகுதியை டயரே எடுத்துக்கொள்ளும்.

இதற்குத் துல்லியமான காற்றழுத்தமானியும், பேட்டரியில் நேரடியாகக் கவ்வியில் மாட்டும் கம்ப்ரெஸரும் தேவை. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறிய கம்ப்ரெஸர் நான்கு டிரக் டயர்களைத் தாங்காது, ஃபியூஸும் போகும். தார்ச்சாலை வந்ததும் வேகமெடுக்கும் முன் மீண்டும் காற்று பிடிப்பது கட்டாயம். காற்று குறைந்த டயர் வேகத்தில் சூடேறி அழியும்.

6. எடைக் கணக்கு

ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் ஜி.வி.டபிள்யூ.ஆர். என்ற எண் இருக்கும். வண்டி, எரிபொருள், ஆட்கள், சாமான் எல்லாம் சேர்ந்து அந்த எடையைத் தாண்டக் கூடாது. நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் எடை மேடையில் சிறு கட்டணத்துக்கு வண்டியை அச்சுவாரியாக நிறுத்துத் தருகிறார்கள். முழு டேங்குடன், சாமான் இல்லாமல் ஒருமுறையும், பயணத்துக்கு ஏற்றியபின் ஒருமுறையும் நிறுத்துப் பாருங்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். தாளில் 5,100 பவுண்டு என்றும், வெறும் வண்டி மேடையில் 3,700 என்றும் வருவதாக வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 1,400. இரண்டு பெரியவர்கள் 320, பின்பக்கம் மூடும் கேனப்பி 180, கூரைக்கூடாரம் 150, இரும்பு பம்பரும் சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சும் 220, பதினைந்து கேலன் தண்ணீர் 125 என்று கூட்டினால் 995 ஆகிவிட்டது. மிச்சமுள்ள 405 பவுண்டுக்குள் குளிர்பெட்டி, பேட்டரி, கருவிகள், சமையல் பொருள், உடை, எரிபொருள் கேன், மரத்தால் செய்த இழுப்பறை எல்லாம் அடங்க வேண்டும். படங்களில் காணும் வண்டிகளைப்போல் அலங்கரித்தால் இந்த டிரக் தாங்காது என்பதைக் காகிதமே காட்டிவிடும்.

‘லீஃப் ஸ்பிரிங்கைக் கனமாக மாற்றிவிட்டால் கூடுதலாக ஏற்றலாமே’ என்று கேட்பார்கள். தொய்ந்த பழைய ஸ்பிரிங்கை மாற்றுவது சரியே. ஆனால் அதனால் வண்டியின் பின்பக்கம் நிமிரும் என்பதைத் தவிர, பிரேக்கும் அச்சும் ஃபிரேமும் அப்படியே இருப்பதால் அந்தத் தாளில் உள்ள எண் மாறாது. மேலும் இந்த டகோமாவில் பின் அச்சின் சுமைக்கேற்பப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு இருக்கிறது. பின்பக்கத்தை உயர்த்திவிட்டு அந்த வால்வின் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால், வண்டி காலியாக இருப்பதாக எண்ணி வால்வு பின்பிரேக்கைக் குறைத்துவிடும். முழுச் சுமையோடு மலையிறங்கும்போதுதான் அது தெரியவரும்.

கனமானதைத் தாழ்வாக, கேபினை ஒட்டி வையுங்கள். கூரைமேல் ஏற்றும் ஒவ்வொரு பவுண்டும் சரிவான பாதையில் வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும்.

7. படுக்கை, தண்ணீர், உணவு

முதல் வருடம் தரையில் கூடாரம் அடித்தோ, கேனப்பி இருந்தால் டிரக்கின் பின்பக்கத்தில் மெத்தை விரித்தோ உறங்குங்கள். இருக்கைக்குப் பின்னால் கூடுதல் இடமுள்ள எக்ஸ்ட்ரா கேப் டகோமாவின் பின்பக்கம் ஆறடிக்குச் சற்று அதிகம். கால் நீட்டிப் படுக்கலாம். கூரைக்கூடாரத்தின் விலையும் எடையும், ஒவ்வொரு முறை வண்டியை எடுக்கும்போதும் அதை மடிக்க வேண்டியிருப்பதும் முதல் பயணங்களில் புரியாது. கேனப்பிக்குள் உறங்கும்போது கேஸ் ஹீட்டரை எரியவிட்டு உறங்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனையில்லாமல் கொல்லும். குளிருக்குத் தடித்த உறக்கப்பையே போதும்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் என்பது குறைந்தபட்சம். வெப்பமான மாதங்களில் அதைவிடக் கூடுதலாக வேண்டும். இதற்குமேல் ஒருநாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தால் போதுமான அளவையும் சேர்த்து எடுங்கள். ஒரே பெரிய டேங்கில் வைக்காமல் இரண்டு மூன்று கேன்களாகப் பிரியுங்கள். ஒன்று ஓட்டையானால் மற்றது மிஞ்சும்.

நம் சமையலில் தண்ணீர் அதிகம் போவது பாத்திரம் கழுவுவதில். முதல் நாளுக்குப் புளியோதரையோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போய்விட்டால் அன்று அடுப்பே வேண்டாம். சோறு வடிக்க விரும்புகிறவர்கள் சிறிய குக்கரை எடுத்துச் செல்லலாம்: எட்டாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது.

8. மின்சாரம்

முதல் பயணங்களுக்கு ஐஸ் பெட்டி போதும். 12 வோல்ட் குளிர்பெட்டி வாங்கிய பிறகு அதை வண்டியின் ஸ்டார்ட்டிங் பேட்டரியிலேயே இரவு முழுவதும் ஓடவிடக் கூடாது; காலையில் எஞ்சின் கிளம்பாது. தனி லித்தியம் பேட்டரியும், ஆல்டர்னேட்டருக்கு அளவான சுமை மட்டும் தரும் டிசி-டிசி சார்ஜரும் வைப்பதே முறை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெடும் என்பதால், குளிர்காலத்தில் அதைக் கேபினுக்குள் வையுங்கள்.

9. சிக்கிக்கொண்டால் மீள்வதற்கான ஏற்பாடு

வின்ச் வாங்கும் முன் நீண்ட பிடியுள்ள மண்வெட்டியும், சக்கரத்துக்குப் பிடிப்புத் தரும் இரண்டு டிராக்ஷன் பலகைகளும் வாங்குங்கள். மணலில் வண்டி நின்றுவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதிப்பதை உடனே நிறுத்த வேண்டும். ஒவ்வொரு சுழற்சியும் சக்கரத்தை மேலும் புதைக்கும். இறங்கி, காற்றை இன்னும் குறைத்து, சக்கரத்துக்கு முன்னும் வயிற்றுக்கு அடியிலும் உள்ள மணலை அள்ளி, பலகையைச் செருகி, மெதுவாக எடுங்கள். பத்தில் ஒன்பது சிக்கல்கள் இதோடு தீரும்.

இன்னொரு வண்டி இழுக்க வேண்டியிருந்தால், ஃபிரேமில் போல்ட் செய்யப்பட்ட, இழுவைக்கென மதிப்பிடப்பட்ட கொக்கியில் மட்டுமே கட்டுங்கள். டிரெய்லர் மாட்டும் ஹிட்ச் பந்தில் கயிற்றை மாட்டுவது உயிருக்கு ஆபத்து: பந்தின் தண்டு ஒடிந்தால், நீண்டு விறைத்த கயிறு அதைக் குண்டுபோல் எறியும், அப்படி இறந்தவர்கள் உண்டு. தொழிற்சாலையில் வண்டியைக் கப்பலில் கட்டுவதற்கு வைத்த வளையமும் இழுவைக்கு அல்ல. இழுக்கும்போது மற்றவர்கள் கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்தில், பக்கவாட்டில் நிற்க வேண்டும்.

நான்கு சக்கர இயக்கத்தின் சாதாரண வேக நிலையான எச்-4 இல் போட்டுக்கொண்டு காய்ந்த தார்ச்சாலையில் ஓட்டாதீர்கள். திருப்பத்தில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டும். பகுதிநேர நான்கு சக்கர இயக்கம் அதற்கு இடம் தராததால் பற்சக்கரங்கள் இறுகும். மாறாக, மணலைக் கண்ட பிறகல்ல, மணலுக்குள் நுழையும் முன்பே எச்-4க்கு மாறுங்கள். செங்குத்தான இறக்கத்தில் அதன் குறைவேக நிலையான எல்-4 போட்டு எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி விட்டால் பிரேக் சூடேறாது.

செல்பேசி வேலை செய்யாத இடத்தில் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் கருவி ஒன்று அவசியம். வண்டிக்கு வண்டி பேச ஜி.எம்.ஆர்.எஸ். வானொலி வசதியானது, 35 டாலருக்கு, தேர்வு ஏதுமின்றி, பத்தாண்டு உரிமம் கிடைக்கிறது, குடும்பம் முழுவதும் பயன்படுத்தலாம்.

10. இடமும் அனுமதியும்

பி.எல்.எம். என்ற மத்திய அரசின் நில நிர்வாகத் துறை நிர்வகிக்கும் பொது நிலங்களில் பெரும்பாலும் கட்டணமின்றித் தங்கலாம். பொதுவாக 28 நாளில் 14 நாள் என்பது வரம்பு. தேசிய வனங்களில் எந்தப் பாதையில் வண்டி போகலாம் என்பதற்கு வனத்துறையின் வாகனப் பாதை வரைபடம்தான் சட்டப்படியான ஆதாரம். செல்பேசிச் செயலியில் கோடு தெரிவதால் மட்டும் பாதை திறந்திருப்பதாக எண்ணக் கூடாது. கலிஃபோர்னியாவில் இந்த நிலங்களில் கேஸ் அடுப்பு பற்றவைக்கக்கூட இலவச நெருப்பு அனுமதிச்சீட்டு வேண்டும். கட்டைநெருப்புக்குத் தடை இருக்கிறதா என்பதைக் கிளம்பும் வாரத்தில் பாருங்கள்.

முதல் இரவுக்கு, தார்ச்சாலையிலிருந்து ஐந்து மைலுக்குள் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள். சான் டியேகோவுக்குக் கிழக்கே உள்ள அன்சா-பொர்ரேகோ மாநிலப் பூங்கா இதற்கு ஏற்றது. அங்கே பெரும்பாலான இடங்களில் வண்டியை ஓரமாக நிறுத்தித் தங்கலாம், ஆனால் தரையில் நெருப்பு மூட்டக் கூடாது. உலோகத் தொட்டியில் மட்டும் மூட்டி, சாம்பலைத் திரும்ப எடுத்துவர வேண்டும். வறண்ட ஓடைப்படுகை எவ்வளவு சமமாக இருந்தாலும் அதில் படுக்காதீர்கள். தொலைவில் மலையில் பெய்த மழை, உங்கள் தலைமேல் வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும்.

11. முதல் நீண்ட பாதை: மொஹாவி ரோடு

இரண்டு மூன்று சிறு பயணங்களுக்குப் பிறகு, கொலராடோ நதிக்கரையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 138 மைல் நீளும் மொஹாவி ரோடுக்குப் போகலாம். பெரிய பாறைகள் இல்லை. இருப்பதெல்லாம் மணல், வாஷ்போர்டு, தனிமை. இரண்டு இரவு தங்கும்படி திட்டமிடுங்கள். இந்தப் பாதையில் சராசரி வேகம் மணிக்குப் பத்து பதினைந்து மைல்தான் என்பதால், வரைபடத்தில் தூரத்தைப் பார்த்து ‘ஒரே நாளில் முடித்துவிடலாம்’ என்று கணக்கிடுவது புதியவர்களின் வழக்கமான பிழை.

போகும் காலம் அக்டோபர் கடைசி முதல் மார்ச் வரை. கோடையில் 110 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டும் வெயிலில் பழைய வண்டியையும் ஆட்களையும் சோதிக்கக் கூடாது. பாதையிலும் மொஹாவி தேசியப் பாதுகாப்பகத்தின் உள்ளேயும் பெட்ரோல் கிடையாது. நீடில்ஸிலோ லாஃப்லினிலோ டேங்கை நிரப்புங்கள். மணலில் மைலேஜ் ஏறத்தாழ பாதியாகும் என்று வைத்துக் கணக்கிட்டு, ஐந்து கேலன் கேன் ஒன்று கூடுதலாக எடுங்கள். அந்தக் கேனைக் கேனப்பிக்குள் மூடி வைக்கக் கூடாது, ஆவி தேங்கும். நிரப்பும்போது டிரக்கின் பிளாஸ்டிக் விரிப்பின்மேல் வைத்து நிரப்பாமல் தரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள். இல்லாவிட்டால் நிலைமின்சாரப் பொறியில் தீப்பிடிக்கலாம்.

மேற்குப் பகுதியில் சோடா லேக் என்ற வறண்ட உப்பேரியைக் கடக்க வேண்டும். மேலே வெள்ளையாய்க் காய்ந்து தெரிந்தாலும் கீழே சேறாக இருக்கலாம். இறங்கி நடந்து பாருங்கள். காலடி அழுந்தி ஈரம் கசிந்தாலோ, சமீபத்தில் மழை பெய்திருந்தாலோ நுழையாமல் திரும்பிச் சுற்றிப் போங்கள். கடைசியில் ஆஃப்டன் பள்ளத்தாக்கில் மொஹாவி ஆற்றைக் கடக்கும் இடத்தையும் அப்படியே முதலில் கால்நடையாகச் சோதித்து, ஆழம் தெரிந்த பிறகே வண்டியை இறக்க வேண்டும்.

நிறுத்திய வண்டியை எடுக்கும் முன் ஒவ்வொரு முறையும் குனிந்து அடியில் பாருங்கள். வெப்பத்துக்கு நிழல் தேடிப் பாலைவன ஆமை டயரை ஒட்டி ஒதுங்கியிருக்கும். அழிவின் விளிம்பில் உள்ள அந்த உயிரைச் சட்டம் பாதுகாக்கிறது. அதைத் தூக்காமல், தானே நகரும் வரை காத்திருங்கள்.

ஒவ்வொரு மாலையும் வெளிச்சம் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக நின்று, பானெட்டைத் திறந்து எண்ணெய், கூலன்ட் அளவுகளைப் பார்த்து, பேட்டரியின் கவ்வியையும் கேனப்பியின் பிடிகளையும் கையால் அசைத்துப் பாருங்கள். வாஷ்போர்டு அதிர்வில் போல்ட்டுகள் தாமாகவே தளரும். வழியில் பழுது நேர்ந்தால் பயன்பட ஒரு டப்பாவில் ஃபியூஸ்கள், வி-6 எஞ்சினுக்குரிய மூன்று வெளிப்புற பெல்ட்டுகள், மேல் ரேடியேட்டர் ஹோஸ், பஞ்சர் ஒட்டும் செட், ஒரு கேலன் கூலன்ட், எஞ்சின் எண்ணெய் ஆகியவை இருக்க வேண்டும்.

கிளம்பும் முன் பாதை, தங்கும் இடங்கள், திரும்பும் நாள், எத்தனை மணிக்குள் தொடர்பு வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பவற்றை எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

12. திரும்பிய பிறகு

மறுநாளே அடிப்பாகத்தை நன்றாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். உப்பேரியைக் கடந்த வண்டியில் ஒட்டிய மண் இந்த ஃபிரேமுக்குப் பகை. வடிகால் துளைகளுக்குள்ளும் தண்ணீர் செல்ல வேண்டும். காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டிப் பாருங்கள். சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் சரிபாருங்கள். டயர்களின் உள்பக்கச் சுவரில் கீறல் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள், அது வெளியே தெரியாது.

சாமானை இறக்கும்போது, ஒருமுறைகூடப் பயன்படாதவற்றை ஒரு பக்கமும், இல்லையே என்று தேடியவற்றைக் காகிதத்திலும் சேருங்கள். முதலுதவிப் பெட்டி, மீட்புச் சாமான், கருவிகள் தவிர, தொடாத பொருளை அடுத்த முறை ஏற்றாதீர்கள். காகிதத்தில் இருப்பதை மட்டும், அடுத்த எடை மேடைச் சீட்டில் இடமிருந்தால் வாங்குங்கள்.